கச்சா தையலோடு போன கவுன்

கூபர் பீடி
6 மார்ச் 1978

மரியாதைக்குரிய தெஸ்பினா அவர்களுக்கு,

உறையின் பின்பக்கம் என் பெயரைப் பார்த்ததும் இதை அடுப்பில் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். போட்டிருந்தாலும் குற்றம் சொல்ல மாட்டேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் உங்கள் தங்கை ஃபோத்தினியை அடிலெய்டிலிருந்து கூட்டிக்கொண்டு வந்த லெஃப்தெரிஸ்தான் நான். பழக்கடை பந்தெலிஸுக்கு அவளைக் கட்டிக்கொடுப்பதாக நீங்கள் நாள் குறித்து, இன்னும் இரண்டே வாரம் இருக்கும்போது அவள் என்னோடு பஸ் ஏறினாள். அந்தக் கல்யாணத்துக்காக நீங்கள் தைத்துக்கொண்டிருந்த கவுனையும் பெட்டிக்குள் மடித்து வைத்து எடுத்து வந்துவிட்டாள். அது எனக்கு இங்கே வந்து பெட்டியைத் திறந்தபோதுதான் தெரியும்; எங்கள் கல்யாணத்துக்கும் அதையே உடுத்தினாள். சத்தியமாகச் சொல்கிறேன், அவளை மட்டும்தான் கூப்பிட்டேன்.

ஃபோத்தினி கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அப்போது உங்களுக்குத் தந்தி அடித்தேன். நீங்கள் வரவில்லை. அதைக் கிளறுவதற்கு இந்தக் கடிதம் இல்லை.

எங்கள் மகள் அர்கிரோவுக்கு ஒன்பது வயது. அம்மா முகம் அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வருகிறது. போன வாரம், "அப்பா, அம்மா என்ன உயரம் இருந்தாங்க?" என்று கேட்டாள். சுவரில் கை வைத்துக் காட்டினேன். வைத்த இடம் சரிதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அம்மாவுடையது என்று அவளுக்குக் கொடுக்க என்னிடம் இருப்பது அந்தக் கவுன் ஒன்றுதான். அவள் வளர்ந்து ஆளாகும்வரை அது இருக்க வேண்டும். அவள் அதை உடுத்தக்கூட வேண்டாம், எடுத்துப் பார்க்க இருந்தால் போதும்.

பத்திரமாகத்தான் வைத்தேன். வெயிலுக்குப் பயந்து இங்கே எல்லோரும் குடைவதுபோல எங்கள் வீடும் பூமிக்குள் குடைந்த வீடு. படுக்கையறைச் சுவரில் ஒரு மாடம் குடைந்து, கவுனைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, தகரப் பெட்டியில் வைத்தேன். பைக்குள்ளேயே ஒரு சின்ன ஜாடியில் ஈரப் பஞ்சு வைத்தேன். சுரங்கத்தில் நல்ல ஓபல் கல் கிடைத்தால் இங்கே எல்லோரும் அப்படித்தான் வைப்போம். காயவிட்டால் வெடிப்பு விழுந்துவிடும். கல்லே வெடிக்கிற ஊரில் துணி எம்மாத்திரம் என்று நினைத்தேன். இங்கே தண்ணீர் லாரியில் வருவது. குளிக்கிற தண்ணீரில் மிச்சம் பிடித்து, வாராவாரம் கையை மட்டும் உள்ளே விட்டுப் பஞ்சை நனைத்து வைத்தேன். ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

நேற்றுதான் முழுதாக வெளியே எடுத்தேன். கழுத்திலும் கையிலும் புள்ளி புள்ளியாகக் கறுப்பு. மடியில் பழுப்பாக ஒரு பெரிய திட்டு.

தைத்தவருக்குத்தான் துணியின் குணம் தெரியும். என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

லெஃப்தெரிஸ்

*

டோரன்ஸ்வில், அடிலெய்டு
14 மார்ச் 1978

லெஃப்தெரிஸ் அவர்களுக்கு,

அடுப்பில் போடவில்லை. போட நினைத்தேன், பால் பொங்கிக்கொண்டிருந்தது.

இருபத்தாறு வருஷமாகத் தைக்கிறேன். துணிக்குத் தண்ணீர் ஊட்டி வளர்த்த மனிதரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அது என்ன கவுனா, கீரைப் பாத்தியா? ஒரு பழைய பருத்தி பெட்ஷீட்டில் சுற்றி அதே மாடத்தில் சும்மா விட்டிருந்தால் போதும். இருட்டு, காய்ந்த காற்று, கோடையிலும் குளிரிலும் ஒரே சூடு. இங்கே எவ்வளவு பெரிய வீட்டுக்காரர்களுக்கும் துணி வைக்க அப்படி ஓர் இடம் கிடையாது. கடவுள் கொடுத்ததை வைத்துக்கொள்ளத் தெரியாமல் அதற்குள் ஒரு குளம் வெட்டியிருக்கிறீர்கள்.

முதலில் அந்த ஜாடியைத் தூக்கி எறியுங்கள். பிளாஸ்டிக் பையையும். கவுனைத் தொங்கவிட வேண்டாம், அதன் கனமே அதன் தோளைக் கிழித்துவிடும். மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து அதில் படுக்க வையுங்கள். தேய்க்காதீர்கள், வெயிலில் போடாதீர்கள், இஸ்திரிப் பெட்டியைக் கிட்டேயே கொண்டு போகாதீர்கள். சூடு பட்டால் கறை துணிக்குள் குடியேறிவிடும். கடையில் ட்ரை கிளீனிங் கொடுக்கலாமா என்று யோசித்தால் அந்த யோசனையையும் ஜாடியோடு சேர்த்து எறியுங்கள்.

எனக்குச் சில பதில்கள் வேண்டும். கறுப்புப் புள்ளி வாசனை அடிக்கிறதா? மடியில் இருக்கும் பழுப்புத் திட்டு கல்யாணத்தன்றே இருந்ததா? கீழ் ஓரம் எப்படி இருக்கிறது? அந்தக் கவுன் என் கையை விட்டுப் போனபோது ஓரம் கச்சா தையலில்தான் நின்றது. முழுசாகத் தைத்து முடிக்காத துணி என் கடையிலிருந்து வெளியே போனது அந்த ஒரு தடவைதான். இது பன்னிரண்டு வருஷமாக எனக்குத் தொண்டையில் முள்.

பதில் எழுதி, கவுனைப் பஸ்ஸில் இங்கே அனுப்பி வையுங்கள். என் தங்கை பிள்ளைக்காகச் சொல்கிறேன். உங்களுக்காக இல்லை.

தெஸ்பினா

*

கூபர் பீடி
24 மார்ச் 1978

மரியாதைக்குரிய தெஸ்பினா அவர்களுக்கு,

நீங்கள் திட்டியதில் பாதி எனக்குப் பிடித்திருந்தது. ஃபோத்தினியும் இப்படித்தான் திட்டுவாள். படித்துக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு வந்து, பிறகு வேறென்னவோ வந்துவிட்டது.

சொன்னபடி ஜாடியை எறிந்தேன். கவுன் சாப்பாட்டு மேஜைமேல் படுத்திருக்கிறது. நானும் அர்கிரோவும் ஒரு வாரமாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். பக்கத்துச் சுரங்கத்து த்ராகன் வந்து பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்ளோ கவல? ஒரு மூடி பிளீச் ஊத்து, பளிச்சுனு ஆயிடும்" என்றான். "உன் மண்டைல ஊத்துறேன், போடா" என்று துரத்திவிட்டேன். இருபது வருஷச் சிநேகிதன். கோபித்துக்கொண்டு போய், மறுநாள் காலையில் ரொட்டியோடு வந்தான்.

புள்ளிகளில் ஈரச் சாக்கு வாசனை வருகிறது. பழுப்புத் திட்டு கல்யாணத்தன்று இல்லை. ஆனால் அந்த இடத்தில் அன்று எலுமிச்சை ஜூஸ் கொட்டியது உண்மை. இதே த்ராகன் ஆடிக்கொண்டே வந்து அவள் கையைத் தட்டிவிட்டான். ஈரத் துணியால் ஒற்றி எடுத்தோம். காய்ந்ததும் ஒன்றுமே தெரியவில்லை. அதுவா இப்போது வருகிறது?

ஓரத்தைப் பற்றிக் கேட்டீர்களே. பெட்டியைத் திறந்தபோதே உங்கள் கச்சா தையல் ஒரு முழத்துக்குப் பிரிந்திருந்தது. கல்யாணத்தன்று காலையில் நான்தான் தைத்தேன். எனக்குத் தெரிந்த தையல் கூடாரத் தையல்தான், வீட்டில் இருந்த நூலும் கூடார நூல்தான். மன்னிக்கவும், நிஜமாகவே இதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன்.

அனுப்பச் சொல்கிறீர்கள். அதுதான் எனக்கு முடியவில்லை. வெளிப்படையாகவே எழுதிவிடுகிறேன். துணி உங்களுடையது, வேலை உங்களுடையது, நான் உங்களைக் கேட்காமல் கொண்டு வந்தவன். அனுப்பினால் அது திரும்பி வருமா? நீங்கள் முறையை எழுதுங்கள், நானே இங்கே செய்கிறேன்.

லெஃப்தெரிஸ்

*

டோரன்ஸ்வில்
31 மார்ச் 1978

லெஃப்தெரிஸ் அவர்களுக்கு,

முறையை எழுதினால் நீங்களே செய்வீர்களா? குளிக்கிற தண்ணீரில் மிச்சம் பிடித்தா? நாற்பது குடம் தண்ணீர் வேண்டும் அதற்கு.

என்னைத் திருடி என்று நினைக்கிறீர்கள். திருட்டைப் பற்றி என்னிடம் பேச ஊரிலேயே உங்களுக்குத்தான் தகுதி. அழுகட்டும், வைத்துக்கொள்ளுங்கள்.

தெஸ்பினா

மேலே உள்ளதை எழுதி உறையில் போட்டு இரண்டு நாள் ஆகிவிட்டது. ஒட்டவில்லை. பூஞ்சை காத்துக்கொண்டிருக்காது. இரண்டு மாதம் விட்டால் நூலையே தின்றுவிடும், அப்புறம் நானும் ஒன்றும் செய்ய முடியாது. இந்தக் கவுன் அர்கிரோவுடையது, வேலை முடிந்ததும் அவள் கையில் சேர்ப்பேன் என்று இதன் மூலம் எழுதிக் கொடுக்கிறேன். இந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஈரப் பஞ்சு வைக்காமல்.

தெ.

*

கூபர் பீடி
20 ஏப்ரல் 1978

மரியாதைக்குரிய தெஸ்பினா அவர்களுக்கு,

நாளைக் காலைப் பஸ்ஸில் கவுன் வருகிறது. நீங்கள் சொன்ன மாதிரி பெட்ஷீட்டில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து, பெட்டிக்கு ஒரு சீட்டும் எடுத்திருக்கிறேன். டிரைவர் மெர்வ், "யாருப்பா பாசஞ்சர்?" என்று கேட்டான். "என் பொண்டாட்டி" என்றேன். அவன் பெட்டியை ஜன்னல் பக்கம் வைத்துக் கட்டினான்.

தாமதத்துக்கு மழையைக் காரணம் சொல்லலாம். மழையும் பெய்தது, ரோடும் ஒரு வாரம் அடைத்திருந்தது. ஆனால் உங்கள் கடிதம் அதற்கு முன்பே வந்துவிட்டது. இப்படி எழுதிக் கொடுத்த உங்களிடம் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டு அனுப்பக் கூடாது என்று பட்டது.

அந்தக் கவுன் இங்கே இருக்கவே கூடாது. கடைசி வாரத்தில், ஆஸ்பத்திரியில், ஃபோத்தினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு அந்தக் கவுனப் போட்டுத்தான் அனுப்பணும், சரியா?" என்றாள். சரி என்றேன். "சும்மா சொல்லாத, சத்தியம் பண்ணு" என்றாள். சத்தியமும் செய்தேன்.

அடக்கத்தன்று காலையில் கவுனை எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், அர்கிரோ நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கவுனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். துணிக் கையை. அதற்குள் விரலை விட்டுக் கோத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அதைப் பிடுங்கி மண்ணுக்குள் போட என்னால் முடியவில்லை. அவளுக்கு உடுத்திவிட வந்த பெண்களிடம் நீல உடுப்பைக் கொடுத்து அனுப்பினேன். ஒருவரிடமும் சொல்லவில்லை.

சாகிறவளுக்குச் செய்த சத்தியத்தை மீறினேன். மீறி எடுத்து வைத்ததையாவது ஒழுங்காக வைத்தேனா? அழுகவிட்டேன். கறுப்புப் புள்ளியைப் பார்த்ததிலிருந்து இது எனக்குக் கிடைத்த தண்டனை என்றே தோன்றுகிறது. ஃபோத்தினிக்குச் சொந்தம் என்று இந்த நாட்டில் இருப்பது நீங்கள் ஒருவர்தான். நான் செய்தது பாவம் என்று நீங்கள் சொன்னால் கவுனை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்க மாட்டேன்.

லெஃப்தெரிஸ்

*

டோரன்ஸ்வில்
22 மே 1978

லெஃப்தெரிஸ்,

கிறிஸ்து உயிர்த்தார். ஈஸ்டர் முடிந்தாலும் நாற்பது நாள் நாம் இப்படித்தானே வணக்கம் சொல்வோம்.

ஒரு மாதமாகப் பதில் இல்லையே என்று தவித்திருப்பாய். கைகள் தண்ணீரிலேயே இருந்தன. இனிமேல் உன்னை நீ என்றே எழுதப் போகிறேன். தங்கை புருஷனை எத்தனை நாளைக்கு நீங்கள் என்று வாசலிலேயே நிறுத்தி வைப்பது?

முதலில் துணி விஷயம். பந்தெலிஸின் அம்மா அந்தக் காலத்தில் சாட்டின் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். நான் முடியாது என்று பருத்தி லேஸ் வாங்கினேன். அது இப்போது நம்மைக் காப்பாற்றியது. இந்த ஊர்க் குழாய்த் தண்ணீரை நம்ப முடியாது. எதிர் வீட்டுத் தொட்டியில் மழைத் தண்ணீர் கேட்டு, குளியல் தொட்டியை நிரப்பினேன். கவுனை ஒரு பெட்ஷீட்டில் கிடத்தி, பெட்ஷீட்டோடு இறக்கினேன், பெட்ஷீட்டோடே தூக்கினேன். நனைந்த லேஸை வெறும் கையால் தூக்கினால் கிழிந்துவிடும். பதினோரு தண்ணீர் மாற்றினேன். முதல் தண்ணீர் உங்கள் ஊர் மண் நிறத்தில் வந்தது. தூசி நூலை அறுக்கும், அதனால் விட்டு வைக்கவில்லை. வருத்தப்படாதே, மண் உன்னிடம் நிறைய இருக்கும்.

மடியிலிருந்த பழுப்பு முழுக்கப் போய்விட்டது. நீ எழுதியது சரிதான், அது த்ராகனின் எலுமிச்சை ஜூஸ். ஜூஸ் காய்ந்ததும் மறைந்துவிடும், அதிலிருக்கும் சர்க்கரை மறையாது. வருஷக்கணக்கில் துணிக்குள்ளேயே உட்கார்ந்து பழுப்பாகும். ட்ரை கிளீனிங்கில் அது அசையாது. தண்ணீருக்குத்தான் இளகும். பூஞ்சைப் புள்ளிகளில் முக்கால்வாசி போய்விட்டன. மிச்சம் லேசான சாம்பல் நிறத்தில் இருக்கும், இன்னும் தேய்த்தால் துணி போய்விடும் என்று நிறுத்திக்கொண்டேன். உன் கூடாரத் தையலைப் பிரிக்கலாம் என்று கத்தரியை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். கண்றாவியாகத்தான் இருக்கிறது. ஆனால் பன்னிரண்டு வருஷம் ஒரு இழைகூட விடவில்லை. என் கச்சா தையல் ஒரு பஸ் பயணத்துக்குத் தாங்கவில்லை.

போகாத கறை ஒன்றே ஒன்றுதான். இடது கைக்கடியில், உள் மடிப்பில், துருக் கறை. உள்ளே ஒரு குண்டூசி இருந்தது. என் கடை ஊசி. அளவு பார்க்க நான் குத்தி, எடுக்க மறந்தது. ஒரு மாதமாக உன்னைத் திட்டிக்கொண்டே துவைத்தேன். கடைசியில் பார்த்தால் இந்தக் கவுனில் போகாமல் நிற்கும் கறை நான் வைத்தது.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். தந்தி வந்த அன்று நான் கறுப்பு உடுத்திக்கொண்டு பஸ் நிலையம்வரை போனேன். டிக்கெட்டும் எடுத்தேன். பஸ் கிளம்பும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். உன் முகத்தில் முழிக்கப் பிடிக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். பத்து வருஷம் அவள் எழுதிய கடிதங்களுக்கு ஒரு வரி பதில் போடாதவள், சவப்பெட்டிக்குள் கிடக்கிறவளை எந்த முகத்தோடு போய்ப் பார்ப்பது?

நீ பாவம் செய்தாயா என்று என்னிடம் கேட்கிறாய். நீ சத்தியத்தைக் காப்பாற்றியிருந்தால், அவளைத் தொட்ட துணி ஒன்றுகூட எனக்கு மிச்சம் இருந்திருக்காது. அந்த முதல் நாள், தண்ணீரில் இறக்குவதற்கு முன்னால், கதவைச் சாத்திவிட்டு அதில் முகத்தை வைத்து அழுதேன். ஈரச் சாக்கு வாசனைதான் வந்தது, வந்தால் என்ன? என் தங்கைக்காக நான் அழுதது அன்றுதான். அதற்கு இடம் கொடுத்தவன் நீ. நன்றி, லெஃப்தெரிஸ். அவளைக் கூட்டிக்கொண்டு போனதற்கு இல்லை, அதற்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும். வாரம் தவறாமல் தண்ணீர் வைத்தாயே, அதற்கு.

கவுன் காய்ந்துவிட்டது. அமிலம் இல்லாத மெல்லிய தாளைச் சுருட்டி மடிப்புகளுக்குள் வைத்திருக்கிறேன். பஸ்ஸில் அனுப்பப் போவதில்லை. மூடி வைத்தால் முடிந்தது என்று நினைக்காதே. வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து, வேறு இடத்தில் மாற்றி மடிக்க வேண்டும். ஒரே மடிப்பில் விட்டால் அந்த வரியிலேயே அறுந்துவிடும். இதை உன்னிடம் ஒப்படைக்க எனக்குத் தைரியம் இல்லை. ஆகவே ஒவ்வொரு வருஷமும் நானே வருவேன். ஜூன் பதினாறாம் தேதி, வெள்ளிக்கிழமை பஸ். சனிக்கிழமை காலை அங்கே இருப்பேன்.

அந்தக் குழந்தைக்கு என்ன பிடிக்கும் என்று எழுது.

தெஸ்பினா

*

கூபர் பீடி
2 ஜூன் 1978

அன்பான தெஸ்பினா,

மெய்யாகவே உயிர்த்தார்.

உங்கள் கடிதத்தைத் தபால் ஆபீஸ் வாசலிலேயே நின்று படித்தேன். த்ராகன், "என்ன ஆச்சுடா?" என்று கேட்டான். "என் மேல தப்பு இல்லையாம்" என்றேன். நடுத்தெருவில் அழுகிற ஆளைப் பார்த்து அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

இரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாறையை எடுத்துவிட்டீர்கள். எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

அந்த ஊசி நீங்கள் மறந்ததால் மட்டும் அங்கே தங்கிவிடவில்லை. அது இருந்தது ஃபோத்தினிக்குத் தெரியும். கல்யாணத்தன்று குருவானவர் எங்கள் தலையில் கல்யாணக் கிரீடம் வைத்தபோது அவள் முகத்தைச் சுளித்தாள். விருந்தில் உட்கார்ந்ததும், "என்ன பண்ணுது?" என்று கேட்டேன். "இடது பக்கம் ஊசி குத்துது" என்றாள். "இரு, எடுத்துடறேன்" என்று கையை நீட்டினேன். தட்டிவிட்டாள். "வேணாம், விடு. அக்கா குத்துன ஊசி அது. என் கல்யாணத்துக்கு வரமாட்டாள்னு நெனச்சேன், எப்படியோ வந்துட்டா பாரு. குத்தட்டும்" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. எழுந்து போய் ஆடினாள். அன்று முழுக்க ஊசியோடுதான் ஆடினாள். அதை எடுக்க அவள் ஒருநாளும் விடவில்லை.

அதைக் கறை என்று நினைக்காதீர்கள், தெஸ்பினா. நீங்கள் அவள் கல்யாணத்தில் இருந்தீர்கள்.

அர்கிரோவுக்கு எள் பிஸ்கட் பிடிக்கும். கேள்வி கேட்கப் பிடிக்கும், அதற்குத் தயாராக வாருங்கள். சனிக்கிழமை காலை பஸ் நிற்கும் இடத்தில் நாங்கள் இருவரும் நிற்போம். எனக்குத் தலை நரைத்துவிட்டது, உங்களுக்கு அடையாளம் தெரியாமல் போகலாம். அவள் முகத்தைப் பாருங்கள், தெரியும்.

லெஃப்தெரிஸ்